முதல் வெள்ளிக்கு முந்தைய நாள்

கோவில்பட்டி,
6.11.2003, வியாழன் இரவு

அன்பும் மதிப்பும் நிறைந்த சிஸ்டர் பெனடிக்டா அவர்களுக்கு,

இன்று காலை எழுந்ததும், வாசல்கூடத் தெளிக்காமல், ஓர் உரச்சாக்கின் வாயை அவிழ்த்து உள்ளே இருந்த சீட்டுகளையெல்லாம் கூடத்தில் கொட்டினேன். அத்தனையும் ஜெபம். நோட்டுத் தாளில், காலண்டர் தாளில், பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில், சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எல்லாம் எழுதியிருந்தார்கள். பேப்பர் எடுக்க வந்த என் கணவர் கால் வைக்க இடமில்லாமல் சுவரைப் பிடித்தபடியே வாசலுக்குப் போனார். மிதித்துவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு.

நலம் விசாரிக்காமல் சாக்கிலிருந்து ஆரம்பித்ததற்கு மன்னிக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம்தான். மகன் பாலகணேஷுக்குச் சென்னையில் வேலை கிடைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, சாப்பிட்டேன் என்ற ஒரே செய்தியைச் சொல்கிறான். ராஞ்சிப் பக்கத்துக் குளிர் உங்கள் முழங்காலை என்ன செய்கிறது என்று போன கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிந்துகொண்டேன். தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

இனி சாக்குக்கு வருகிறேன். இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மாதாமாதம் முதல் வெள்ளித் திருப்பலியில் நம் பிள்ளைகள் ஐந்து பேர் ஐந்து மன்றாட்டுகளைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். உலகத் தலைவர்களுக்கு ஞானம் வேண்டும், போர்கள் ஓய வேண்டும் என்று இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உலகத் தலைவர்களோடு என்ன சங்காத்தம், அவளுக்கு என்ன வேண்டுமோ அதை அவள் கேட்கட்டும் என்று சொல்லி, உடைந்த பெஞ்சுப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, திரு இருதய ஆண்டவர் சுரூபத்தின் கீழே வைத்தது நீங்கள்தான். பெயர் எழுதக் கூடாது, எந்தச் சாமி கும்பிடுகிற பிள்ளையும் போடலாம் என்று விதியும் செய்தீர்கள். ஜார்க்கண்டுக்கு மாற்றலாகிப் போன அன்று அதன் சாவியை என் கையில் வைத்தீர்கள். கிறிஸ்தவ டீச்சர்கள் பத்துப் பேர் இருக்கும்போது என்னிடம் எதற்கு என்று கேட்டேன். அவர்களிடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்குக் கோவில் சனம் முழுவதற்கும் தெரிந்துவிடும், நீ வாய் திறக்க மாட்டாய் என்றீர்கள்.

வாய் திறக்கவில்லை சிஸ்டர். கையைத்தான் சும்மா வைத்திருக்கவில்லை.

நீங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. நான் கட்டுரை நோட்டு திருத்துகிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளை எழுத்தைச் சாய்த்து எழுதும், எது பேனாவை அழுத்திப் பின்பக்கம் வரை குத்தும் என்று எனக்குத் தெரியும். பெயரில்லாத சீட்டு என்று என்னைப் பொறுத்தவரை ஒன்று கிடையாது. மாதம் ஒருமுறை, வாசிக்க ஐந்து சீட்டு எடுக்கப் பெட்டியைத் திறந்தால் எழுநூறு பிள்ளைகளும் வரிசையாக என் முன்னால் வந்து நின்று மனதைத் திறப்பது போல இருக்கும்.

எல்லாம் பூங்கொடியில் ஆரம்பித்தது. அப்போது அவள் ஏழாம் வகுப்பு. நீங்கள் போன அடுத்த மாதமே அவள் சீட்டு வந்தது. சுகுணா டீச்சர் என்னைத் திட்டாமல் இருக்க ஆண்டவர் உதவி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதை எப்படி ஐந்தில் ஒன்றாக எடுப்பேன்? ஃபாதர் முன்னால், எல்லா டீச்சர்கள் முன்னாலும் அதை வாசிக்க விட முடியுமா? கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. சரி, ஒரு மாதம் இந்தப் பிள்ளையைத் திட்டாமல்தான் இருந்து பார்ப்போமே என்று இருந்தேன். அது லேசான காரியமில்லை. அவள் கட்டுரையை நீங்கள் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அதே எழுத்தில் ஒரு சீட்டு வந்தது. நன்றி ஆண்டவரே, டீச்சர் திருந்திவிட்டார்கள் என்று இருந்தது.

அதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது எனக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்திருந்தது. கேட்டது, கிடைத்தது, நன்றி சொன்னாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக முடிந்த காரியம் வேறு எது என்று யோசித்தேன். வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காபி கேட்பார்கள்.

அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. கழுகுமலை பஸ் நம் ஸ்கூல் ஸ்டாப்பில் நிற்காமல் போகிறது என்று நாலைந்து சீட்டு வந்தது. கண்டக்டர் சோலைமுத்துவின் மகள் நம்மிடம்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நிற்காத பஸ்ஸின் கண்டக்டர் மகள் என்று உங்கள் பிள்ளையைத்தான் மற்றப் பிள்ளைகள் பேசுகிறார்கள் என்றேன். மறுநாளிலிருந்து பஸ் நின்றது மட்டுமல்ல, ஓடி வருகிற பிள்ளைக்காகக் காத்தும் நின்றது. தண்ணீர்க் குழாய் ஒழுகல், கக்கூஸ் தாழ்ப்பாள், கடைசி பெஞ்சுக்குக் கரும்பலகை தெரியாமை என்று ஒவ்வொன்றாக எனக்குத் தெரிந்தவர்கள் மூலம் நடந்தது. ஃபாதர் சூசைமாணிக்கத்தின் பிரசங்கம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று பதினேழு பேர் வேண்டியிருந்தார்கள். நான் ஃபாதரிடம் போய், கழுகுமலை வேன் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறது என்று பணிவாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் என் பங்கு இல்லை. போன வருடம் ஐப்பசியில் பெட்டி நிறைய மழைச் சீட்டு. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் குச்சி காய வேண்டும், மழை பெய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மழை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிபாதி. நான் சண்டை வேண்டாம் என்று, மழை வேண்டியவர்களுக்கு மழையும் வெயில் வேண்டியவர்களுக்கு வெயிலும் தந்தருள வேண்டும் என்று ஒரே மன்றாட்டாக எழுதி வாசிக்க வைத்தேன். அன்று இரவு கரிசல் காடு முழுவதும் நனைந்தது, மறுநாள் காலை எட்டு மணிக்கு முற்றத்தில் குச்சி காயப்போடுகிற அளவுக்கு வெயிலும் அடித்தது. நான் என்ன செய்வேன்?

அதற்குப் பிறகுதான் பெட்டிக்குப் பெயர் வந்தது. பிள்ளைகள் வழியாக அம்மாக்கள் சீட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அப்புறம் அம்மாக்களே வந்தார்கள். பாத்திரக்கடை அய்யாத்துரை அண்ணாச்சி, எதிர்த்த கடைக்காரருக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று கேட்டிருந்தார். அதே வாரம் எதிர்த்த கடைக்காரரின் சீட்டும் வந்தது. அதே வேண்டுதல், அதே சொற்கள். உங்கள் ரெங்கம்மாள், அதே ஆயா ரெங்கம்மாள்தான், இப்போது மணி அடிப்பதை விட்டுவிட்டுப் பெட்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சீட்டை மடிக்காமல் போடுகிறவர்களை விடுவதில்லை. ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே ஆயா, மடித்தால் என்ன மடிக்காவிட்டால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஏட்டி, அவியளுக்குத் தெரியும், பின்னால நிக்கிறவளுக்குத் தெரியலாமா என்று ரெங்கம்மாள் சொன்ன பதிலை வெட்டியெடுத்து எங்காவது மாட்டலாம். பெட்டி நிரம்பி வழிகிறது என்று நேற்று அந்த உரச்சாக்கை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

இப்போதைய தலைமை ஆசிரியை சிஸ்டர் ஜெசிந்தாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நல்லவர்கள், காலை ஐந்து மணியிலிருந்து உழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு பெரிய நோட்டில் கோடு போட்டு, கேட்டது என்ன, கிடைத்தது எந்தத் தேதி, சாட்சி யார் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் கக்கூஸ் தாழ்ப்பாளும் இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்துவிட்டு உங்கள் சபையின் தலைமை இல்லத்திலிருந்து மதர் நாளைக்கு வருகிறார்கள். மூன்று மணித் திருப்பலிக்குப் பிறகு பெட்டியின் வரலாறு பற்றி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. நான் பேசுவதுதான் பொருத்தம் என்கிறார்கள். ஓர் இந்து சகோதரி சொன்னால் கனம் கூடுமாம்.

இத்தனை நாள் இதை ஏன் உங்களுக்கு எழுதவில்லை என்று நினைப்பீர்கள். எழுதினால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று தெரியும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மாதத்தில் ஒரு நாள் கடவுளாக இருப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுவும் திட்டு வாங்காத கடவுள். நடந்தால் நன்றி அவருக்கு, நடக்காவிட்டால் பழியும் அவருக்கு. எனக்கு வேலை மட்டும். என்னுடையது பக்தியா, திமிரா என்று நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். பதில் வரும் முன் அடுத்த முதல் வெள்ளி வந்துவிடும்.

இன்று காலைக்கு வருகிறேன். கூடத்தில் குவித்ததில் ஒரு தாள் மற்றவற்றைப் போல இல்லை. நீளமாக, அச்சடித்ததாக, ரப்பர் ஸ்டாம்ப் போட்டதாக இருந்தது. பிரித்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர், திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. வேலுத்தாய், வயது முப்பத்தெட்டு, கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம். அந்தப் பிரிவு வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான், காலை எட்டு மணிக்குள் போக வேண்டும். கடைசியில் தமிழில், தாமதிக்க வேண்டாம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு. தேதி ஆகஸ்ட் இருபத்திரண்டு.

பின்பக்கத்தைத் திருப்பினேன். சாய்ந்த எழுத்து. ஒன்பதாம் வகுப்பு முத்துசெல்வி. ஆண்டவரே, எங்கள் அம்மா கழுத்துக் கட்டியைக் கரைத்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன சீட்டு இதுதான், இனி எங்களுக்கு இது வேண்டாம், நீரே வைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாள்.

சிஸ்டர், அந்தத் தாள் இல்லாமல் அந்த அம்மாள் அங்கே போனால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போகப்போவதில்லை என்பதால்தானே கொடுத்திருக்கிறாள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று விரல் விட்டேன். அந்த மூன்று மாதமும் நான் குழாயும் தாழ்ப்பாளும் சரி செய்து, இந்தப் பெட்டி கேட்டதைக் கொடுக்கும் என்று ஊருக்கெல்லாம் நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் போனதும் முத்துசெல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன். அம்மாதான் போடச் சொன்னாள் என்றாள். இது தன் சீட்டு என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். கையெழுத்து என்றேன். பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படியானால் போன மாதம் போட்டதும் தெரியுமா என்று மெல்லக் கேட்டாள். போன மாதம் அவள் கேட்டிருந்தது, சயின்ஸ் டீச்சருக்குச் சீக்கிரம் கல்யாணமாகி அவர்கள் வெளியூர் போய்விட வேண்டும் என்பது. தெரியும் என்றேன். மாப்பிள்ளை பார்க்கிறீர்களா டீச்சர் என்றாள். நான் அங்கே சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோவிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டேன். பதினெட்டு வருடமாக நம் பிள்ளைகள் போடுவதைப் பார்த்திருக்கிறேன், முதல்முறையாக நானே போட்டபோதுதான் அந்தப் பலகை எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. உள்ளே இருந்து ஃபாதர், டீச்சர், நீங்களா என்றார். கத்தோலிக்கர் அல்லாத எனக்கு மன்னிப்புத் தர அவருக்கு அதிகாரமில்லை என்றார். மன்னிப்பு இருக்கட்டும், முதலில் கேளுங்கள் என்றேன். பூங்கொடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பஸ் வரை அவர் உள்ளே சிரிப்பது கேட்டது. பிரசங்கத்துக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

வேன் நாலு மணிக்கு இல்லையா என்று கேட்டார். நாலே முக்காலுக்கு என்றேன். அந்த மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பதினாலு மாதமாக அவர் எதை எதையெல்லாம் பாதியில் விட்டாரோ அதையெல்லாம் நினைத்துப் பார்த்தார் போல. பிறகு வெளியே வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேலுத்தாயின் தாளை வாங்கிப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் பிரசங்கம் எதுவும் இல்லை.

“பஸ்ஸுக்கும் பைப்புக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் டீச்சர். பிரசங்கத்துக்கு அப்புறமா வாரேன். ஆனா இந்த அம்மாட்ட இன்னைக்கே போயி உள்ளதைச் சொல்லிருங்க. செஞ்சது நீங்கதான்னு தெரிஞ்சா தானா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவாவ.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. என் மானம் போகும், அந்த அம்மாள் பிழைப்பாள், கணக்கு நேர். மாலை பஸ்ஸில் முத்துசெல்வியோடு ஏறினேன். சோலைமுத்து எங்கள் இருவருக்கும் உட்கார இடம் காலி பண்ணிக் கொடுத்தார். கழுகுமலை ரோட்டில் இறங்கி, உழுது போட்ட கரிசலில் செருப்பு ஒட்ட ஒட்ட அரை மைல் நடந்தோம். என் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்தது போல மண் சேர்ந்துவிட்டது. முத்துசெல்வி தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு அது தோன்றவில்லை.

வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். நான் வந்ததும் பதறி எழுந்து, கருப்பட்டிக் காபி போட்டு, தானும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கணம் நிறுத்தி, கண்ணை மூடி, பிறகு விழுங்கினாள். பேச்சுக்கிடையில் அதை மறைக்கக் கற்றிருந்தாள். பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு விளாத்திகுளம் பக்கம் கிடை போடப் போயிருக்கிறார், வர தை ஆகும் என்றாள்.

நான் தாளை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. போட்டதைத் திரும்ப எடுக்கலாமா டீச்சர் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, என்னை ஒரு மாதிரிப் பரிதாபமாகப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தும் எனக்கு நம்பிக்கை இல்லையே என்று வருத்தப்பட்டாள். சிஸ்டர், அவர்கள் குலதெய்வம் சுடலை. என் குலதெய்வமும் ஏறக்குறைய அதே வழிதான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து திரு இருதய ஆண்டவர் மேல் யாருக்கு நம்பிக்கை அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். பஸ்ஸை நிறுத்தியது ஆண்டவர் இல்லை, நான் கண்டக்டரிடம் பேசினேன். குழாய் நான். தாழ்ப்பாள் நான். இவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்ததும் நான் கண் முகாமில் சொல்லி வைத்ததால்தான். சொல்லி முடித்துத் தலைகுனிந்து உட்கார்ந்தேன். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பின்ன, கண்டக்டர்ட்ட ஆண்டவரே பஸ் ஏறி வந்தா பேசுவாரு? ஒங்களப் புடிச்சி அனுப்பிருக்காரு. ஒங்களுக்கு அது தெரியல, அம்புட்டுதான்.”

ஃபாதர் இதை யோசிக்கவில்லை. நான் விடாமல், அப்படியானால் இந்தத் தாள் என் கையில் கிடைத்ததும் அவர் செய்ததுதானே, ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதானே அதற்கு அர்த்தம் என்று மடக்கினேன். அது நீங்கள் பெட்டியைத் திறந்ததால் கிடைத்தது, அதில் ஆண்டவர் எங்கே வந்தார் என்றாள். தோதான இடத்தில் அவர் இருப்பார், தோதில்லாத இடத்தில் நான் இருப்பேன். முத்துசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, வேலுத்தாய் குரலை இறக்கினாள்.

“டீச்சர், நான் பைத்தியக்காரி இல்ல. கட்டி ஜெபத்துல கரையுமா கரையாதான்னு எனக்குந் தெரியாது. அவிய கிடையில கெடக்காவ. இவளுக்குப் படிப்பு. அம்மாம் பெரிய ஆஸ்பத்திரியில எந்த வாசல்ல ஏறணும், எங்கன நிக்கணும்னு யாரைக் கேப்பேன்? போனா ஒத்தையில போணும். பெட்டின்னா ஒத்தையில இல்லல்லா. யாராச்சும் வருவாவன்னு இருக்குல்லா.”

நான் வருகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்தது சிஸ்டர். ஆனால் நாளைக்கு முதல் வெள்ளி, மதர் வருகிறார்கள், ஐந்து நிமிடம் பேச வேண்டும், அடுத்த வெள்ளி பார்க்கலாம் என்று உள்ளே இன்னொரு குரல் வரிசையாகச் சொல்லிற்று. கவலைப்படாதே, ஏற்பாடு செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது. எழுநூறு பேருக்கு நான் செய்ததெல்லாம் மறைவில் இருந்து செய்தது. யாரிடமாவது சொல்லி வைப்பேன், யாரையாவது அனுப்புவேன். ஒருத்தியோடும் கூடப் போய் ஒரு வரிசையில் நின்றதில்லை. கடவுள் வேலையில் எனக்குச் சுலபமான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். கூடத்தில் இவர் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி எழுதப்போவது இவருக்கும் தெரியாது, ஃபாதருக்கும் தெரியாது, சிஸ்டர் ஜெசிந்தாவுக்குக் கண்டிப்பாகத் தெரியாது.

நாளைக்கு நான் பள்ளிக்குப் போகப்போவதில்லை. ஐந்து மன்றாட்டுகளை நல்ல தாளில் எழுதி வைத்துவிட்டேன். விடுப்புக் கடிதமும் எழுதியாயிற்று, சொந்த அலுவல் என்று. இரண்டையும் விடியும் முன்பே ரெங்கம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டு, முதல் பஸ்ஸில் போய் வேலுத்தாய் வாசலில் நிற்பேன். எட்டு மணிக்குள் திருநெல்வேலியில் இருக்க வேண்டும் என்றால் அவளோடு வாதாட நேரமில்லை. அதனால் வாதாடப்போவதில்லை. யார் அனுப்பினார் என்று அவள் கேட்பாள். ஆண்டவர் அனுப்பினார், கிளம்பு என்று சொல்லப்போகிறேன். எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டியிருந்தாலும் இருப்பேன். மதர் பெட்டியின் வரலாற்றை ரெங்கம்மாளிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள், அரை மணி நேரம் சொல்வாள்.

நான் சொல்லப்போவது பொய்யா சிஸ்டர்? இன்று மத்தியானம்வரை, ஆமாம், பொய்தான் என்று சொல்லியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ஆனால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர ஒரு வாரம், உங்கள் பதில் வர இன்னொரு வாரம் ஆகும். அதற்குள் நான் சொல்லிவிட்டிருப்பேன்.

நடந்து முடிந்த காரியத்துக்காகவும் ஜெபிக்கலாம், அவருக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான் என்று நீங்கள் ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் சொன்னது நினைவிருக்கிறது. அன்று நான் மனதுக்குள் சிரித்தேன். இதைப் படித்த உடனே, கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, வேலுத்தாய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டி வெறும் கட்டியாக இருக்க வேண்டும். பக்கத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடத்தில் எனக்காக உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அவள் வாசலில் நிற்கும்போது என் குரல் நடுங்காமல் இருந்தால் போதும்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
சுகுணா